பாண் வண்டியில் நாலாவது கட்டில்

1

சென்ற கிழமை கல்முனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழர் மீராசாஹிபு. சுகம் விசாரித்து, வேளாண்மை வெட்டு முடிந்ததைச் சொல்லி, யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் எழுதி, மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் மனிதர் விஷயத்துக்கு வந்தார். என் மனைவி சுபைதா இரண்டு பிள்ளைகளோடும் தனியே வந்து இறங்கியதைப் பற்றி ஊர் இரண்டு விதமாகக் கதைக்கிறதாம். நான் ஒரு வெள்ளைக்காரியோடு குடியிருக்கிறேன் என்று ஒரு கட்சி. சுபைதாவுக்குத் தலைக்கனம், புருசனுக்கு அடங்கி ஒரு பரதேசத்தில் இருக்கத் தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகமாம்.

முதல் கதையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கப்பலேறிய எவனைப் பற்றித்தான் அதைச் சொல்லவில்லை? இரண்டாவதை வாசித்ததும் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வாசித்தேன். முகம் கழுவினால் எழுத்து மாறிவிடுமா என்ன!

ஊர் இளைஞர்கள் நடத்தும் சஞ்சிகைக்குச் சீமை அனுபவம் எழுதித் தரும்படி இதே மீராசாஹிபு இரண்டு வருடமாக என்னை நச்சரிக்கிறார். பனி எப்படிப் பெய்யும், பூமிக்கு அடியில் ரயில் எப்படி ஓடும் என்றெல்லாம் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் பனியும் இல்லை, ரயிலும் இல்லை. வெள்ளைக்காரி நிச்சயமாக இல்லை. ஒரு கட்டிலைப் பற்றி எழுதுகிறேன். மரியாதையாகச் சொல்லக்கூடிய கதையல்ல இது. எழுதத் தொடங்கும்போதே காது சுடுகிறது.

2

நான் இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. ஊரில் குளத்து வேலை நடந்தபோது வரைபடம் வரையக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்த எஞ்சினியர் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து இங்கே ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றும் வண்டிகளை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் அலுமாரியும் வைத்து, குடும்பத்தோடு போய்த் தங்குகிற வண்டிகளாக மாற்றிக் கொடுக்கும் பட்டறை அது. யுத்தம் முடிந்து பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த நாட்டுக்காரர்களுக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் ஆசை பிடித்துவிட்டது.

உள்ளே எது எங்கே வர வேண்டும் என்று வரைவது என் பொறுப்பு. கட்டம் போட்ட தாளில் வண்டியின் அளவைக் குறித்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்ப் பீப்பா எல்லாவற்றுக்கும் மட்டையில் துண்டு வெட்டி, அந்தத் தாளின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பேன். பகலில் உட்காரும் வாங்காக இருப்பது இரவில் கட்டிலாக வேண்டும். மேசைக்குக் கீழே சட்டி பானை வர வேண்டும். அடுப்பு பின்கதவுக்கு அருகில் இருந்தால்தான் மண்ணெண்ணெய் வாசம் வெளியே போகும். ஓரங்குலம் பிசகினால் அலுமாரிக் கதவு கட்டிலில் முட்டும். சும்மா சொல்லக்கூடாது, இதில் நான் கெட்டிக்காரன். போன வருடம் ஒரு கிழவனும் கிழவியும் வந்து, தங்களுடைய நாய்க்கு ஒரு இடம் வேண்டும், அது வயதான நாய், காற்றுப் படக்கூடாது என்றார்கள். படுக்கைக்குக் கீழே, கதவிலிருந்து தள்ளி, அளவெடுத்து வரைந்து கொடுத்தேன். கிழவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அந்த நாயை மறந்துவிட வேண்டுமென்று இப்போது பார்க்கிறேன். முடியவில்லை.

3

சுபைதா பிள்ளைகளோடு வந்தது எனக்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து. மகள் நஸீமாவுக்கு அப்போது எட்டு வயது, மகன் றஹீமுக்கு நாலு. ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். சமைக்கும் குசினி கீழே, வீட்டுக்காரியோடு பொது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எங்கள் நேரம், பின்னேரம் ஐந்திலிருந்து ஆறரை வரை. மற்ற நேரத்தில் அரிசி கழுவுவதென்றாலும் போய்க் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேறு ஊர்க்காரர் கையில் இந்தச் சஞ்சிகை கிடைத்தால் என்பதற்காகச் சொல்கிறேன். எங்களிடத்தில் வீடு பெண்ணுடையது. பெண் பிள்ளை பிறந்தால் தகப்பனும் சகோதரர்களும் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். நான் அப்படித்தான் சாய்ந்தமருதிலிருந்து, கல்முனைக்கு அடுத்த மருதமுனைக்குப் போனேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சுபைதா என்னை வீடு முழுதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கடல் காற்று எந்த யன்னலால் வரும், உடுத்துக் கழற்றிய சாரனை எங்கே போடுவது, நான் கணக்கெழுதவும் படம் வரையவும் எந்த மூலை வெளிச்சமானது. எல்லாம் எனக்கு முன்பே யோசித்து வைத்திருந்தது. அந்த வீட்டில் இருந்த ஏழு வருடத்தில், எங்கே படுப்பது, எங்கே இருப்பது என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. அவள் எங்கே படுப்பாள் என்றும் நினைத்ததில்லை. அவளுடைய வீடு, அவளுக்குத் தெரியாதா!

அப்படிப்பட்டவள் இங்கே வந்து இன்னொருத்தியிடம் அடுப்புக்கு அனுமதி கேட்டாள். அவள் முதலில் படித்த இங்கிலீஷ் ‘மை ஹவுஸ்’ என்ற இரண்டு சொல்தான். எங்கள் மாடி அறையைத்தான் அப்படிச் சொல்வாள். வீட்டுக்காரி கெட்டவளல்ல, ஆனால் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே திருத்துவாள், வீடு தன்னுடையது என்று. சில மாதத்தில் சுபைதா அந்தச் சொல்லை விட்டுவிட்டாள்.

பிள்ளைகளும் கைவிட்டுப் போனார்கள். றஹீம் சோற்றை இங்கிலீஷில் வேண்டாமென்பான். தாய் தமிழில் கேட்க, அவன் இங்கிலீஷில் பதில் சொல்ல, நஸீமா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் மாற்றிச் சொல்வாள். தன் வயிற்றில் பிறந்தவனோடு கதைக்க ஒருத்திக்குத் துணை ஆள் தேவைப்பட்டது. நான் வேலையால் வந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் சுபைதா சொன்னாள், ஊரில் மாரி மழை தொடங்கும் முன் போய்விடுவோம், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று. எனக்கு இங்கே வேலை உறுதியாகிக்கொண்டிருந்த நேரம். ஒரு கோடை காலம் மட்டும் பொறு என்று கெஞ்சினேன். அந்தக் கெஞ்சலில்தான் இந்த வண்டி பிறந்தது.

4

ஒரு பேக்கரி, ரொட்டி கொண்டுபோகும் தன் பழைய பாண் வண்டியை விற்றது. மலிவாகக் கிடைத்தது. பட்டறையின் பின்வளவில் நிறுத்திச் சனிக்கிழமைகளில் வேலை செய்துகொள்ள முதலாளி சம்மதித்தார். நான் சுபைதாவிடம் போய், இது நமக்கென்று ஒரு வீடு, இதில் கடலோரம் போகலாம், எந்த நேரமும் அடுப்பு மூட்டலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று சொன்னேன்.

அவள் முகத்தில் மூன்று வருடமாகக் காணாத ஒரு வெளிச்சத்தைக் கண்டேன்.

“அது ஆருட ஊடு?” என்று கேட்டாள்.

“உன்ட ஊடுதான்,” என்றேன்.

அன்று முதல் அவள் என்னோடு நன்றாகக் கதைத்தாள். ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. யன்னலுக்குத் திரை தைக்கத் துணி வாங்கி வந்தாள். வண்டிக்கென்று இரண்டு சட்டியைப் புறம்பாக எடுத்து வைத்தாள். படம் வரைந்தாயிற்றா என்று மட்டும் இடைக்கிடை கேட்பாள். வரைந்து முடிந்ததும் காட்டுகிறேன் என்பேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு வரையலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் வாழ்நாளில் முதல் முதலாக நான் ஒரு வீட்டைப் போடுகிறேன் அல்லவா, அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது.

வண்டியின் உட்பக்கம் நீளம் ஒன்பதடி, அகலம் ஐந்தரையடி. இடப்பக்கம் ஒரு வாங்கு, அதுவே எனக்குக் கட்டில், ஆறடி. வலப்பக்கம் கீழொன்றும் மேலொன்றுமாகப் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டில். பின்கதவருகே ஒரு பக்கம் அடுப்பும் தண்ணீரும். எதிர்ப் பக்கம் ஆறடி உயரத்தில் ஒரு அலுமாரி. என் கோட்டுக்கும், மழைக் கோட்டுக்கும், படம் சுருட்டி வைப்பதற்கும். நடுவில் நடைபாதை. துண்டுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. நான் சீட்டியடித்துக்கொண்டு மையால் வரைந்தேன்.

பட்டறையில் மரவேலை செய்யும் டெனிஸ் என்று ஒரு ஓடாவி இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். எனக்குப் பலகை அறுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, உன் மனைவி எங்கே படுப்பாள் என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கணம் வரை தெரியாது, அல்லாஹ் மேல் ஆணை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று கட்டில் போட்டிருக்கிறேன் என்பது தெரியாது. ஆனால் வாய் என்னை முந்திக்கொண்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டிலில் படுக்க மாட்டார்கள், தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள், அதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். மருதமுனையில் அவளுடைய வீட்டில் அவளுக்கு முதிரை மரக் கட்டில் இருக்கிறது. என் வெட்கத்தை மறைக்க ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் தரையில் படுக்க வைத்தேன். டெனிஸ் சட்டைப் பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்து, படத்தில் நடைபாதையை அளந்தார். பதினைந்து அங்குலம். கோலை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போதாவது படத்தைக் கிழித்திருக்கலாம். செய்யவில்லை. ஏனென்று பல நாள் யோசித்துவிட்டேன். மையால் வரைந்த படம் என்ற சோம்பலா, டெனிஸிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்றும் வீம்பா, அல்லது அவள் எப்படியாவது ஒரு இடம் பார்த்துக்கொள்வாள் என்ற பழைய பழக்கமா? மூன்றும்தான். கடைசியில் சொன்னதே அதிகம்.

5

சாமான் வண்டியை வசிக்கும் வண்டியாக மாற்றினால் அரசாங்கக் கந்தோருக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை யன்னல், அடுப்பு எந்த விதம், எத்தனை படுக்கை, எத்தனை ஆட்கள். பட்டறையில் நூறு படிவம் நிரப்பியிருக்கிறேன். என்னுடையதையும் அதே வேகத்தில் நிரப்பி, படத்தின் பிரதியோடு தபாலில் போட்டேன். படுக்கை மூன்று. ஆட்கள் நாலு.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பட்டறையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். மாடி அறையில் நஸீமா கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள். சுபைதா கட்டிலில் இருந்தாள். கந்தோர்க் கடிதங்களை உடைத்து வாசித்துத் தாய்க்குச் சொல்வது நஸீமாவின் வேலை. நான்தான் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தேன், தாயும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பிள்ளை என்னைக் கண்டதும் நிறுத்தினாள். தாய், “நீ சொல்லு மகள்,” என்றாள்.

“நாலு பேர் எண்டு எழுதி இரிக்காம். கட்டில் மூணுதானாம். ஆருக்கு இடமில்ல எண்டு கேக்காங்க,” என்றாள் நஸீமா.

கந்தோர்க்காரன் அப்படிக் கேட்கவில்லை. எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கிறது, திருத்தி அனுப்பவும் என்றுதான் எழுதியிருந்தான். பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

சுபைதா படத்தைக் காட்டச் சொன்னாள். விரித்து வைத்தேன். அவள் படிக்காதவளல்ல, படம் புரியாதவளுமல்ல. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து இது ஆருக்கு, இது ஆருக்கு என்று கேட்டாள். உங்களுக்கு, மகளுக்கு, மகனுக்கு என்று அவளே சொல்லிக்கொண்டும் வந்தாள். விரல் அலுமாரியில் வந்து நின்றது. கோட்டு வைக்க என்றேன்.

“கோட்டுக்கு ஆறடி,” என்றாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். குசினிக்கு எங்கள் நேரம் தொடங்கிவிட்டது என்று சொல்லி அரிசியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நஸீமா என்னைப் பார்க்காமல் கடிதத்தை உறையில் போட்டாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் தகப்பன் நிற்க வெட்கப்படும் நிலையை உங்களில் யாருக்கும் அல்லாஹ் தர வேண்டாம்.

நான் பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை. புதுத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். கோட்டு அலுமாரியை எடுத்துவிட்டேன். அடுப்பை நாலங்குலம் தள்ளினேன். என் வாங்கைக் குறுக்கினேன். பின்பக்கம் யன்னலோரமாக, படுத்தபடியே கடலைப் பார்க்கும்படி, மடித்து நிறுத்தக்கூடிய ஒரு கட்டில், முன்னால் ஒரு திரை. அவள் சோறாக்கி முடிக்கும் முன் படம் முடிந்துவிட்டது. இடம் இருந்தது! முதலிலிருந்தே அங்கேயே இருந்தது. இல்லாத இடத்துக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

சாப்பிட்ட பிறகு புதுப் படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தாள். யன்னல் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். திரையை எந்தப் பக்கம் இழுப்பது என்று கேட்டாள்.

“நல்லா இரிக்கி,” என்றாள். பிறகு, “அவங்க கேட்டதால போட்டீங்க. அந்தக் கடுதாசி வராட்டி?” என்றாள்.

உண்மையான பதில் இரண்டு பேருக்கும் தெரியும். வராவிட்டால், கடற்கரையில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, நானும் என் கட்டிலில் காலை நீட்டிய பிறகு, அவள் பதினைந்து அங்குலத்தில் ஒடுங்கியிருப்பாள். நான் அதைக் கவனித்திருக்கவும் மாட்டேன்.

“நான் கோவத்துல போகல்ல. எனக்கு ஒரு ஊடு இரிக்கி. நான் அங்க போறன்,” என்றாள். மாரிக்கு முன் போகும் கப்பலில் மூன்று பேருக்கும் இடம் பதிந்து கொடுத்தேன்.

போகும் முன் கட்டிலைச் செய்து முடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். டெனிஸ் நல்ல மரம் பார்த்துத் தந்தார். துறைமுகத்துக்கு அதே வண்டியில்தான் போனோம். சுபைதா முன்னால் என் பக்கத்தில் இருந்தாள். அந்தக் கட்டிலில் அவளுடைய இரண்டு பெட்டிகளும் ஒரு பாயும் போயின. றஹீம் மட்டும் அழுதான், இங்கிலீஷில்.

6

இங்கே வரை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். அனுப்ப மனம் வரவில்லை. மீராசாஹிபுக்குத் தனியாக நாலு வரி எழுதினால் போதாதா, சஞ்சிகையில் போட்டு மானம் போக வேண்டுமா என்று நினைத்தேன். இன்று காலை நஸீமாவின் கடிதம் வந்தது. தமிழிலேயே எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தி, அவள் சொன்னபடியே இங்கே தருகிறேன்.

“வாப்பா, நாங்க எல்லாரும் சுகம். றஹீம் இப்ப தமிழ் கதைக்கான். பக்கத்து ஊட்டுப் பிள்ளைகளோட சண்டையும் புடிக்கான். உம்மாவப் பாக்க நெறையப் பேர் வாறாங்க. ஏன் வந்த எண்டு கேக்காங்க. குளிர் எனக்கு ஒத்துக்கல்ல, அவர் நல்ல மனுசன், எனக்கு ஓடுற ஊடு ஒண்டு செஞ்சாரு எண்டு உம்மா சொல்றா. அதுல முதல்ல எனக்குத்தான் கட்டில் போட்டாரு, யன்னலோரத்துல திரையெல்லாம் வெச்சு, மறுகாதான் புள்ளைகளுக்கும் அவருக்கும் போட்ட எண்டு சொல்றா. அது சரியில்லத்தானே வாப்பா? கடுதாசிய நான்தானே வாசிச்ச. ஆனா நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லல்ல.”

இப்போதுதான் மீராசாஹிபு எழுதியது எனக்கு முழுதாக விளங்கியது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த புருசனை விட்டுவிட்டு வந்தாளே, இவளுக்கு என்ன தலைக்கனம் என்று நீங்கள் கேட்பது அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை வைத்துத்தான். என் மானத்தை மூடப் போய் அவள் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் என்ன கதைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டேதான் சொல்கிறாள்.

ஆகவே இதை அச்சில் போடும்படி மீராசாஹிபைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரியும் வெட்ட வேண்டாம். சுபைதா பொய் சொல்கிறவள் அல்ல, மருதமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கட்டிலைப் பற்றி மட்டும் அவள் சொல்வதை நம்ப வேண்டாம்.